எடை குறைப்பு பேக்கேஜில் 11,800 ரூபாய் போச்சு: வாங்கும் எண்ணம் இருந்தால் படித்துவிடுங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 11,800 ரூபாய். ஜிம்முக்கோ வெளிநாட்டுப் புரோட்டீன் டப்பாவுக்கோ போகவில்லை. கொள்ளு, சாமை, கம்பு என்று எங்கள் வீட்டு அடுக்களையிலேயே கிடக்கும் சாமான்களைப் பாக்கெட் போட்டு, கூடவே ஒரு உணவு அட்டவணையும் தந்த ‘பாரம்பரிய உணவில் எடை குறைப்பு’ ஆட்களுக்குப் போனது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் போடவில்லை. ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு இந்த வகை தெரியும்: மண்சட்டி, வாழையிலை, பின்னணியில் அம்மி அரைக்கும் சத்தம்.

எனக்கு நம்பிக்கை வந்தது ரீல்ஸைப் பார்த்து அல்ல, அவர்கள் பேசிய விதத்தில்தான். போன் செய்த அம்மா விற்கிற மாதிரியே பேசவில்லை. என் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் எத்தனை இட்லி, சட்னி தேங்காயா கடலையா, மதியம் கூட்டு பொரியல் உண்டா, ராத்திரி மாவு இருந்தால் தோசைதானே என்று. அதுவரை என்னிடம் பேசிய டயட் ஆட்கள் எல்லாரும் ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாமியாரும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் எனக்கென்று தனியாக ஓட்ஸ் கிண்டிக்கொண்டு நிற்க முடியுமா? இந்த அம்மாவோ, “இட்லியை விடவே வேண்டாம்மா. நம்ம பாட்டிமாரு எல்லாம் சோறுதானே சாப்பிட்டாங்க, யாருக்காவது தொப்பை இருந்துச்சா?” என்றார். (அந்தப் பாட்டிமார் நெல் குத்தி, தண்ணீர் சுமந்து, பொழுது சாயும்வரை வயலில் குனிந்து நின்றவர்கள். அது அந்தப் பேச்சில் வரவே இல்லை.)

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நானேதான் சொன்னேன். “அதுவும் மூணு மாசத்துல நின்னுடும் பாரும்மா.” 30 நாளில் 5 கிலோ குறையாவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்று வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே அனுப்பினார். யுபிஐ-யில் 11,800 ரூபாய் போட்டேன். பணம் போய்ச் சேர்ந்த இடத்தில் கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் காட்டியது.

பார்சலில் ஒரு கஞ்சி மாவு, கொள்ளு சூப் பொடி, அப்புறம் ‘கொழுப்பு கரைக்கும் மூலிகைப் பொடி’. எதிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை, தயாரித்த தேதி இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அட்டவணையின் தலைப்பில் வேறு ஒரு பெண்ணின் பெயர்! கேட்டதற்கு, “டைப்பிங் மிஸ்டேக் சிஸ்டர், சார்ட் உங்களுக்குப் போட்டதுதான்.” அதற்குள் ‘அம்மா’ போய் ‘சிஸ்டர்’ வந்துவிட்டது, கவனித்தீர்களா.

முதல் வாரமே எடை இறங்கியது, உண்மை. ஏனென்றால் எழுந்ததும் வெறும் வயிற்றில் அந்த மூலிகைப் பொடியைக் குடித்தால் கழிவறையை விட்டு நகர முடியாது. “கழிவு எல்லாம் வெளியேறுது சிஸ்டர், நல்ல அறிகுறி.” கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பொடியை எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “நிலவாகை வாடை அடிக்குதே தாயி, இது பேதிக்குக் கொடுக்கிறது, தினமும் யார் குடிக்கச் சொன்னா?” என்றார். டாக்டரும் திட்டினார். பேதியில் குறைவது தண்ணீரும் உப்புச் சத்தும்தான், கொழுப்பு இல்லை. பொட்டாசியம் இறங்கினால் இதயத்துக்கே ஆபத்து என்றார். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தனியாகப் போக வேண்டியது, அதோடு இந்தப் பொடியும் கஞ்சியுமா என்று கேட்டார்.

பொடியை நிறுத்தியதும் போன எடை அப்படியே திரும்பி வந்தது. அதோடு ‘சிறுதானியம் வயிறு நிறையச் சாப்பிடலாம்’ என்று அட்டவணையிலேயே எழுதியிருந்தார்கள். 100 கிராம் பச்சரிசியானாலும் சாமை, வரகானாலும் கலோரி ஏறத்தாழ 330 முதல் 360-க்குள்தான். நார்ச்சத்து கூட இருக்கும், சீக்கிரம் வயிறு நிறையும், அதெல்லாம் சரி. ஆனால் சாமைச் சோற்றை ஆசைதீரச் சாப்பிட்டால் அதுவும் சோறுதான்.

பணத்தைக் கேட்டேன். டயட்டீஷியன் லீவு. பிறகு அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்கிறோம். பிறகு, “நீங்க சரியா ஃபாலோ பண்ணலை சிஸ்டர், ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டு போட்டோ வரலை, அதனால கேரண்டி செல்லாது.” எந்தக் கண்டிஷனையும் முன்னாடி சொல்லவே இல்லையே என்று வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. அடுத்து வக்கீல் நோட்டீஸ் மிரட்டல். அதற்கடுத்து பிளாக். 11,800 ரூபாய்க்கு ஒரு பில் கூடக் கிடையாது. அந்தச் சாமான்களை எங்கள் தெருமுனைக் கடையில் வாங்கினால் ஆயிரத்தைத் தாண்டாது.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் எழுத வரவில்லை. பாக்கெட்டில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் (அதுதான் உணவுப் பாதுகாப்பு உரிம எண்) இல்லாவிட்டால் வாயில் வைக்காதீர்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியும் வேண்டாம். உடல் பருமனை மருந்தால் தீர்க்கிறோம் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருட மாய மருந்துகள் தடைச் சட்டம் தடுக்கிறது, அப்படி விளம்பரம் வந்தாலே விலகிவிடுங்கள். அட்டவணைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தட்டில் பாதி காய்கறி, பழம் என்கிறது அது. நம் கூட்டு, பொரியல், கீரை எல்லாம் அதற்குள் அடக்கம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இணைய மோசடிக்கு 1930. அவர்கள் இப்போது ‘ஜோடி ஆஃபர்’ போட்டிருக்கிறார்கள், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. உங்கள் வீட்டில் யாராவது அந்த போன் பேச்சில் மயங்கிக்கொண்டிருந்தால் இதை அவர்களுக்கு உடனே அனுப்புங்கள்.