காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்டென்ஷன் கைமாறியது, யாருக்கும் சொல்லாமல்

"ஒருமுறை கட்டினால் போதும், ஆயுள் முழுக்க உங்களுடையது" என்று விற்கப்படும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வசதி தரும் குட்டி மென்பொருள்) எதையாவது வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாகப் படியுங்கள்.

நான் வாங்கியது, திறந்து கிடக்கும் டேப்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்டென்ஷன். செய்தவர் தனி ஆள். சந்தேகம் கேட்டால் பொறுமையாகப் பதில் எழுதுவார். வேலையும் சுத்தம். அதனால்தான் பணம் கட்டி முழுப் பதிப்பை வாங்கினேன்.

அப்புறம் ஒருநாள், முகவரிப் பட்டையில் எதைத் தேடினாலும் முடிவுகள் வருவதற்கு முன் ஏதோ ஒரு முகவரி தோன்றி மறையத் தொடங்கியது. தேடல் பக்கத்தில் விளம்பரங்கள் கூடின. ஷாப்பிங் தளத்துக்குப் போனால் முகவரியின் வாலில் எனக்குச் சம்பந்தமே இல்லாத கமிஷன் குறியீடு ஒட்டிக்கொண்டது. நான் வாங்கும் பொருளுக்கு யாரோ கமிஷன் எடுக்கிறார்கள்! ஆன்டிவைரஸ் எல்லாம் நலம் என்றது. அதே தேடலை இன்காக்னிட்டோவில் (குரோமின் தனிச் சாளரத்தில்) செய்து பார்த்தேன், அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. நாமாக அனுமதி தராதவரை குரோமின் எக்ஸ்டென்ஷன்கள் இன்காக்னிட்டோவில் இயங்காது, பயர்பாக்ஸின் தனிச் சாளரமும் அப்படித்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் மாட்டியது, நான் காசு கொடுத்த அதே எக்ஸ்டென்ஷன்.

எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும் குரோம் ஸ்டோரில் போய்ப் பார்த்தால் உரிமையாளர் பெயர் மாறியிருந்தது. வாங்கியவர்களுக்கு ஒரு வரி தகவல் கிடையாது. புது உரிமையாளருக்கு எழுதிக் கேட்டதற்கு, "தொடர்ந்து பயன்படுத்துவதே புதிய விதிமுறைகளுக்கு நீங்கள் தந்த சம்மதம்" என்று பதில். ரீஃபண்ட் கேட்டால் பணம் வாங்கியது பழைய உரிமையாளர், அவரிடம் கேளுங்கள் என்றார்கள். பழையவரின் மெயில் முகவரியோ இப்போது இவர்கள் கையில். விளம்பரம் வேண்டாம் என்றால் மாதச் சந்தா கட்டலாமாம். ஆயுள் முழுக்க என்னுடையது என்றதற்கு மாதாமாதம் வாடகை!

இது புதுக்கதை இல்லை. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை ஸ்டோரிலிருந்து தூக்கியது. 'ஸ்டைலிஷ்' என்ற எக்ஸ்டென்ஷனும் கைமாறிய பிறகு, பயனர்கள் எந்தெந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைச் சேகரித்து அனுப்பியது வெளிவந்து, 2018இல் நீக்கப்பட்டது.

சரி, பிரவுசர் ஏன் எச்சரிக்கவில்லை? எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகும். புது அப்டேட் கூடுதல் அதிகாரம் கேட்டால் குரோம் அதை நிறுத்திவைத்து நம்மைக் கேட்கும். ஆனால் எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் முதல் நாளே அனுமதி வாங்கிவிட்ட ஒன்றுக்கு, புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது? நம்பிக் கொடுத்த வீட்டுச் சாவியை வாங்கியவரே விற்றுவிட்டுப் போன கதைதான்.

இந்த இடத்தில் எச்டிடிபிஎஸ் (முகவரிப் பட்டையில் https என்று தெரியும் பாதுகாப்பு இணைப்பு) கைகொடுக்காது. அது வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும். எக்ஸ்டென்ஷனோ பிரவுசருக்குள்ளேயே, பூட்டு திறந்த பிறகு பக்கத்தைப் படிக்கிறது. நாம் தட்டும் பாஸ்வேர்டும் அதன் கண்ணில் படும். நாம் உள்ளே நுழைந்துவிட்டோம் என்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் லாகின் குக்கியை எடுக்கும் அனுமதி இருந்தால் ஓடிபி வைத்த கணக்குகூடப் பறிபோகலாம், ஏனென்றால் ஓடிபி கேட்கும் கட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பிரவுசரை மாற்றிவிடு என்று சிலர் சொன்னார்கள். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே குரோமுக்கும் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டியவை. குரோம் ஸ்டோரின் எக்ஸ்டென்ஷன் இவற்றிலும் ஓடும். அதே ஆளை அங்கேயும் உட்கார வைத்தால் பிரவுசர் மாறி என்ன பயன்? பயர்பாக்ஸ் தனி என்ஜின், 'பரிந்துரைக்கப்பட்டவை' என்ற முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷன்களின் நிரலை அதைச் செய்யும் மொசில்லா ஆட்கள் பரிசோதிக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் தெம்பு தருகிறது. ஆனால் ஸ்டைலிஷ் அங்கேயும் இருந்தது என்பதை மறக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்தால் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள், அணைத்து வைத்தால் போதாது. பிறகு முக்கியமான கணக்குகளில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள், பாஸ்வேர்டை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மிச்சமிருக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு குரோமின் 'விவரங்கள்' பக்கத்தில் தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று வைக்கலாம். சிலவற்றுக்கு அது ஒத்துவராது, விளம்பரத் தடுப்பானுக்கு எல்லாப் பக்கமும் வேண்டும். டேப் அடுக்குவதற்கு அவ்வளவு எதற்கு?

பெயரைப் போடாததற்குக் காரணம், இதே கும்பல் நாளைக்கு வேறு பெயரில் வரும். ஸ்டோரில் புகார் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்வரை அது அங்கேயேதான் இருக்கிறது, நட்சத்திரங்கள் குறையாமல். அவ்வளவும் பழையவர் சம்பாதித்தவை. விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றிப் பாருங்கள், என்னைப்போல் திட்டியவர்கள் வரிசையாக நிற்பார்கள்.