மெர்லினா, பேர்ட்நெட்டா, பெரியப்பாவின் காதா?

வடுவூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் வயல். கார்த்திகை மாதம், கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வரப்பில் நின்று, பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் ஆப்பைத் திறந்தேன். மின்கம்பிப் பக்கமிருந்து கீச்சென்று இரண்டு கத்தல். திரையில் வல்லூறின் பெயர் வந்தது. பெரியப்பா தலையசைத்தார். "வல்லூறு இந்த இருட்டுல எங்கடா கத்தும்? கரிச்சான் அது. மைனாவை மிரட்ட வல்லூறு மாதிரியே கத்தும்." வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். கம்பியில் இரட்டை வாலோடு கரிச்சான்தான்.

அன்றிலிருந்து இந்தச் சம்பா முழுக்க மெர்லின், பேர்ட்நெட், பெரியப்பா மூன்றையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆப் இரண்டும் இலவசம். மெர்லின் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடையது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி அதில் 2021இல் வந்தது. பேர்ட்நெட், அதே ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஒலியைப் படமாக மாற்றுகின்றன: இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. செம்போத்தின் 'ஊப் ஊப்' அடியில் தடித்த கோடுகளாக விழும். சில்லையின் குரல் உச்சியில் மெல்லிய கீறலாக வரும். பல்லாயிரம் பதிவுகளைப் பார்த்துப் பழகிய நரம்பு வலைப்பின்னல் என்ற கணினி நிரல், அந்தக் கோடுகளின் வடிவத்தை வைத்துப் பெயர் சொல்கிறது.

நடந்துகொண்டே கேட்பதற்கு மெர்லினுக்கு இணையில்லை. வட்டாரத்துப் பறவைத் தொகுப்பை ஒரு தடவை இறக்கிவிட்டால் சிக்னலே வேண்டாம். நடு வயலில் எங்களுக்கு ஒரு கோடுகூட நிற்காது என்பதால் இது பெரிய விஷயம். ஒரே நேரத்தில் நாலைந்து பறவை கத்தினாலும் பட்டியலாகப் போடும். திரும்பக் கத்துகிற பறவையின் பெயர் மஞ்சளாக ஒளிரும். மீன்கொத்தி, ஆள்காட்டி, குக்குறுவான் மூன்றிலும் எனக்கு அது தவறியதே இல்லை. குறை என்னவென்றால், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்ற கணக்கைக் காட்டாது. வல்லூறு என்றால் வல்லூறுதான். அப்புறம், பம்புசெட் ஓடினால் பாதிப் பறவைகளைக் காணோம். கோடியக்கரையில் காற்று போன் மைக்கில் அறைந்தபோதும் அப்படித்தான்.

பேர்ட்நெட்டின் குணம் வேறு. நான் பயன்படுத்தும் ஆப்பில் பதிவு செய்து, வேண்டிய துண்டை விரலால் தேர்ந்தெடுத்து, இணையம் வழியாக அனுப்ப வேண்டும். பதிலோடு எவ்வளவு உறுதி என்பதும் வரும். நடைக்கு அது தோதில்லை. ஆனால் அதன் உண்மையான பலம் கணினியில் ஓடும் பேர்ட்நெட் அனலைசரில்தான் இருக்கிறது. ஓர் இரவு முழுக்க மோட்டார் கொட்டகையில் பதிவுக்கருவியை வைத்தேன். அந்த ஒலியை அது மூன்று மூன்று விநாடியாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பறவைப் பெயர், நேரம், எவ்வளவு உறுதி என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் என்று அட்டவணை போட்டுத் தந்தது. 6,000க்கும் மேற்பட்ட இனங்களின் குரல் அதற்குத் தெரியும். இடத்தையும் வாரத்தையும் கொடுத்தால் இங்கே வர வாய்ப்பில்லாதவற்றை ஒதுக்கிவிடும்.

அப்படியும் தவளைகள் அதைக் குழப்பின. மழை விட்ட ராத்திரியில் தவளைக் கச்சேரியை 0.2, 0.3 என்று ஏதேதோ பறவைக் கணக்கில் எழுதியிருந்தது. 0.7க்குக் கீழே இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டேன். மிச்சத்தில் கிடைத்ததுதான் புதையல்: நள்ளிரவு தாண்டி வயலுக்கு மேலே சீழ்க்கையடித்துக்கொண்டே பறந்த சிறகி என்ற காட்டுவாத்துக் கூட்டம். ஏரியிலிருந்து இரவில் நெல்வயலுக்கு மேய வருகின்றன. தூங்குகிற நாம் எப்படிக் கேட்பது?

சரி, பெரியப்பா? வேளை, இடம், பருவம் எல்லாம் சேர்த்துத்தான் அவர் காது கேட்கிறது. கானாங்கோழி தாழம்புதருக்குள் கத்துவதையும் வாய்க்காலோரம் கத்துவதையும் பிரித்துச் சொல்வார். கரிச்சானின் போலிக் குரல் அவரிடம் எடுபடாது. ஆனால் எழுபது தாண்டிய காது, உச்சஸ்தாயி போய்விட்டது. கதிர்க்குருவியும் சில்லையும் பக்கத்திலேயே கத்தும், அவருக்குக் கேட்பதில்லை. மெர்லின் திரையில் அந்தக் கீறல் ஓடுவதைக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணருகே பிடித்து, "கதிர்க்குருவியா? அது போயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அந்த ஒரு காலைக்காகவே மெர்லினை நான் எடுக்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூகுளில் பேர்ட் சவுண்ட்ஸ் என்று ஒரு சோதனை செய்தார்கள். பெயர் எதுவும் கொடுக்காமல் ஆயிரக்கணக்கான குரல்களைக் கணினியிடம் விட, ஒத்த குரல்களை அதுவே பக்கம் பக்கமாக அடுக்கி வரைபடமாக்கியது. அடையாளம் காண உதவாது. எது எதைப்போல் ஒலிக்கிறது என்று காதைப் பழக்க நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெர்லினை எடுங்கள். தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். ஏரி, குளத்தின் இரவைப் பதிவு செய்ய ஆசை இருந்தால் அனலைசர். எதுவானாலும் ஆப் சொன்னதை மட்டும் நம்பி, பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றாதீர்கள், நீங்களே கண்ணாலோ காதாலோ உறுதி செய்யுங்கள். கூடு கட்டும் காலத்தில் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று முட்டையை விட்டு எழுந்து வரும்.