அரிவாள் செல் நோய் ஆய்வுக்கான ஐந்து நாள் பயிற்சி: கலந்துகொண்டவரின் மதிப்பீடு

சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை இரத்த நோயான அரிவாள் செல் நோயைப் பற்றி ஆய்வு செய்யத் தொடங்கும் மாணவர்களுக்காக நடத்தப்பட்ட ஐந்து நாள் பயிற்சி ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். அடுத்த முறை விண்ணப்பிக்கலாமா என்று துறைத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால், நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாள் முழுவதும் வகுப்புகள்தாம். இந்த நோயின் ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறுபட்டது என்று 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழுவினர் காட்டியதையும், நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த மரபுக்கூறு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்ததையும் ஓரளவு படித்திருந்தவர்களுக்கு அதில் புதிதாகக் கிடைத்தது குறைவு.

பயிற்சியின் உயிர் அடுத்த இரண்டு நாள் ஆய்வக அமர்வுகளில்தான் இருந்தது. நடத்தியவர் பேராசிரியர் அல்லர். பல்லாண்டு அனுபவமுள்ள ஆய்வக நுட்பநர். ஆக்சிஜனை நீக்கும் டைதயோனைட் என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலில் சிறிது இரத்தத்தை விட்டு, குழாய்க்குப் பின்னால் பிடித்த அட்டையின் கருங்கோடுகள் தெரிகின்றனவா, அரிவாள் ஹீமோகுளோபின் இருப்பதைக் காட்டும் கலங்கலில் மறைகின்றனவா என்று பார்க்கும் கரைதிறன் சோதனையை ஒரு மணி நேரத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கற்றுவிட்டோம் என்று நாங்கள் நிமிர்ந்த பிறகே அவர் விவரம் எழுதாத ஆறு மாதிரிகளை மேசையில் வைத்தார். கோடுகள் தெளிவாகத் தெரிந்ததால் 'இல்லை' என்று நாங்கள் எழுதிய ஒன்று, மூன்று மாதக் குழந்தையின் இரத்தம். கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருக்கும் அந்த வயதில் இச்சோதனை ஏமாற்றும். கலங்கிய குழாயை வைத்து 'நோயாளி' என்று எழுதிய இன்னொன்று, தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் நோய்க்குரிய மரபணுவைப் பெற்று நலமாக வாழும் ஒருவருடையது. நோயையும் வெறுமனே கூறு சுமப்பதையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது. அதற்குரிய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியிடம் போனோம். அங்கும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் வரைபடத்தைச் சுமப்பவருடையது என்று படித்துத் தவறினோம். கருவி பொய் சொல்லவில்லை என்றும், இரத்தம் ஏற்றிய நாளைக் கேட்காதது நம் பிழை என்றும் அவர் அமைதியாகச் சொன்னார். கட்டிய கட்டணம் அந்த இரண்டு நாளிலேயே ஈடாகிவிட்டது என்பேன்.

நான்காம் நாளின் நேரப் பங்கீடு எனக்கு உடன்பாடானதாக இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்த, ஒருவருக்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்ட மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அரை நாள் ஒதுக்கினார்கள். கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி நோயின் கடுமையைத் தணிக்கும் மருந்தாக நம் நோயாளிகள் கையில் உண்மையில் இருக்கும் ஹைட்ராக்ஸியூரியாவுக்குக் கிடைத்ததோ நாற்பது நிமிடம். தாங்கக்கூடிய உச்ச அளவு வரை மருந்தை உயர்த்துவது அமெரிக்க வழக்கம். இந்தியாவில் உடல் எடைக்கு ஏற்பக் கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் என்ற குறைந்த அளவிலேயே நற்பலன் கண்டதாக ஆய்வுகள் உண்டு. இந்தியாவிலும் அரபு நாடுகளிலும் காணப்படும் அரபு-இந்திய மரபணு வகையினரிடம் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பாகவே மிகுந்திருப்பதற்கு இதில் எவ்வளவு பங்கு, அப்படியிருந்தும் மத்திய இந்தியாவில் பலருக்கு நோய் கடுமையாக இருப்பது ஏன் என்பன போன்ற, இளம் ஆய்வாளர் ஒருவர் இங்கேயே கையில் எடுக்கக்கூடிய கேள்விகளை அந்த நாற்பது நிமிடத்தில் விரைந்து கடந்துவிட்டார்கள். புள்ளியியல் வகுப்பைப் பற்றி, மென்பொருள் திரைகளைப் பார்த்தோம் என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சோதனைக்கும் ஆய்வுக்கும் உட்படுவோரிடம் ஒப்புதல் பெறும் முறைக்கு ஐந்தாம் நாளில் ஒரு மணி நேரம் தந்தார்கள். இந்நோய்க்கான தேசிய ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியதிலிருந்து, நாற்பது வயதுக்கு உட்பட்டோரில் ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கோடு முகாம்கள் நடக்கின்றன; சோதித்தவர்களுக்கு முடிவைக் குறித்த அட்டையும் தரப்படுகிறது. பெற்றோர் இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்ற கணக்கைச் சொல்வது எளிது. அந்த அட்டையோடு பெண் பார்க்க வரும் வீட்டாரை எதிர்கொள்ளப்போகும் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? நீலகிரிப் பழங்குடியினருள் ஒருவரான பணியர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு மொழி இருக்கும்போது, எழுத்துத் தமிழில் அச்சிட்ட படிவத்தில் பெறும் கையெழுத்தை ஒப்புதல் என்று எண்ணலாமா? கேட்டேன், நேரம் போதவில்லை என்றார்கள். நோயோடு வாழும் ஒருவரையாவது அழைத்துப் பேசவைத்திருந்தால் நேரம் தானாக வந்திருக்கும்.

ஆய்வகப் பழக்கம் இல்லாத சமூகவியல், பொதுச் சுகாதார மாணவர்களும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். இரத்தவியலில் முதுநிலை முடித்தவர்கள் முதல் நாளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்குப் பின் ஆறு மாதம் ஒரு மூத்த ஆய்வாளர் நம் ஆய்வுத் திட்டத்தைப் படித்து வழிகாட்டுவார் என்று அறிவிப்பில் இருந்தது. இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்தது, வரைவு வந்து சேர்ந்தது என்ற ஒற்றை வரிப் பதில் மட்டுமே. இதற்கிடையில், கைக்குழந்தைகளையும் கரைதிறன் சோதனையால் மட்டுமே பரிசோதிப்பதாக அந்த வரைவில் நான் எழுதியிருந்த பத்தியை நானே அடித்துவிட்டேன்.