நாலு வயசுக் குழந்தைக்குக் கதை: போனா, புத்தகமா, அம்மாயியா?

எங்கள் மகளுக்கு நாலு வயசு. காங்கயம் பக்கம் கிராமத்து வீடு. ராத்திரி கதை கேட்காமல் கண்ணை மூட மாட்டாள். போனில் படக்கதை, அச்சுப் புத்தகம், அம்மாயி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வாய்க்கதை என்று ஒரு வருஷமாக மூன்று விதமாகவும் சொல்லிப் பார்த்துவிட்டோம். படிக்கும் ஆசை எதில் ஒட்டுகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு.

காசு பார்த்தால் போனுக்கு நிகரில்லை. குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், பிரிண்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் வரியை வாசித்து முடிப்பதற்குள் அவள் விரல் அடுத்த பக்கத்தைத் தள்ளிவிடும். நடுவில் யாராவது கூப்பிட்டால் கதை அதோடு போச்சு. கதை முடிந்ததும் "வேற" என்பாள். அச்சுப் புத்தகத்தை மூடினால் "மறுக்கா" என்பாள், அதையே திரும்பவும் என்று. எனக்கு இந்த ஒரு சொல் வித்தியாசமே போதும்.

ஆட்டுக்குட்டி படம் போட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியிலிருந்து கிளுவந்தழை ஒடித்து வந்து, அந்தக் குட்டியின் வாயருகே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டாள். இலை காய்ந்து இன்னும் அந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது. அட்டை இரண்டு இடத்தில் டேப் ஒட்டியது. தூங்கும்போது தலைமாட்டில் அது இருக்கோணும்.

அம்மாயி கதைக்குப் படமும் இல்லை, செலவும் இல்லை. நேற்று கிணற்றில் விழுந்த நரி இன்றைக்கு எங்கள் தொட்டியில் விழும். காப்பாற்ற எங்கள் பாப்பாவே ஓடுவாள். சொல்வளம் அங்கேதான் சேர்கிறது, சந்தேகமே இல்லை. எழுத்தின் மேல் கண் போவது மட்டும் அதில் நடக்காது. அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆட்டுக்குட்டிப் புத்தகத்தைப் படம் பார்த்தே தன் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படி இல்லீங்க அம்மாயி, இங்க வேற போட்டிருக்குது" என்று இவள் எழுத்து வரியில் விரலை வைத்தாள். அவளுக்கும் இன்னும் எழுத்து தெரியாது. அங்கே இருப்பது யார் வாசித்தாலும் மாறாது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதனால் என் தேர்வு அச்சுப் புத்தகம். நூற்றுக்கணக்கில் வேண்டாம், பத்து போதும். ஒரே அட்டைக்குள் ஐம்பது நீதிக்கதை அடைத்த தடிப் புத்தகம் விலைக்கு லாபம். பொடி எழுத்து, சின்னப் படம், இந்த வயசுக்கு ஆகாது. இங்கிலீஷ் புத்தகம் வாங்கு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வீட்டில் பேசுகிற மொழியில் வாசித்தால்தான் குறுக்கே கேள்வி கேட்கிறாள். நூலகம் கொஞ்சம் வளர்ந்த பிறகு, கிழித்தால் கவலை.

போனை ஒரேயடியாகத் தள்ளவில்லை. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம், பத்துத் தொகுதிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கின்றன. எட்டு வயசில் அதைத் திறந்து காட்டலாம்.

வருகிற ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அம்மாயியையும் கூட்டிப் போகிறோம். படம் பெரிசாப் பார்த்து எடுங்க, எனக்கும் சொல்றதுக்கு ஆகும் என்றிருக்கிறார்.