அடைப்புக்குறிக்குள் நின்றுவிட்ட பகா எண்: ஒரு கால்குலேட்டர் மதிப்புரை

பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கும் மகளுக்காக, வேலூர் லாங்கு பஜாரில் ஓர் எழுதுபொருள் கடையில் அறிவியல் கால்குலேட்டர் ஒன்று வாங்கினேன். பகாக் காரணிகளைப் பிரித்துத் தரும் விசை அதில் உண்டு என்பதால்தான் அந்த மாதிரியைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் அந்த விசையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

1014 என்று கொடுத்தால் 2 × 3 × 13² என உடனே விடை வருகிறது. அடுத்து, திரையில் கொள்ளும் பத்து இலக்கங்களையும் நிரப்பும் 2147483647 என்ற எண்ணைக் கொடுத்தேன். இது 2³¹ − 1. பகா எண் என்று 1772இல் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவியது. 1867 வரை அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியதாக இருந்தது. கருவியோ அதே எண்ணை அடைப்புக்குறிக்குள் வைத்துத் திருப்பித் தந்தது. பகா எண் என்பதற்கான குறியோ என்று நினைத்து 1009 × 1013 ஆன 1022117ஐக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் அதே அடைப்புக்குறி. மூன்று இலக்கக் காரணிகள் வரைதான் இது தேடுகிறது, அதற்கு மேல் மிஞ்சுவதைப் பகாவா பகுவா என்று சொல்லாமல் அடைப்புக்குறிக்குள் விட்டுவிடுகிறது. பொடி எழுத்துக் கையேட்டில் இந்த விவரம் இருக்கிறது என்பது உண்மைதான். பூதக்கண்ணாடி வேண்டும், அவ்வளவே.

ஆனாலும் ஆய்லரின் வழியைக் கையால் நடந்து பார்க்க இதைவிட வசதியான கருவி எனக்குக் கிடைத்ததில்லை. p என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுத்தால், 2³¹ஐ p-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (p − 1)ஆம் அடுக்குக்கும் மீதி 1தான். 31 பகா எண் என்பதால் p − 1 என்பது 31இன் மடங்காகவும், p ஒற்றைப்படை என்பதால் 62இன் மடங்காகவும் இருந்தாக வேண்டும். மேலும் 2¹⁶இன் வர்க்கமான 2³²க்கு மீதி 2 வருவதால் 2 ஒரு வர்க்க மீதியாகிறது, அதாவது ஒரு முழு வர்க்கத்தை p-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியாகிறது. எனவே p-ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் p என்பது 248n + 1 அல்லது 248n + 63 என்ற வடிவில்தான் இருக்க முடியும். எண்ணின் வர்க்கமூலம் 46341ஐ எட்டாததால் சோதிக்க வேண்டியவை அதிகபட்சம் 372 எண்கள். அவற்றிலும் 3இன் மடங்கான 249 போன்றவற்றைப் பார்த்தவுடனே தள்ளிவிடலாம்.

உதாரணமாக, 2147483647ஐ 248 + 63 ஆன 311ஆல் வகுத்து, ஈவின் முழுப்பகுதியைக் கழித்து, மிஞ்சிய தசமத்தை 311ஆல் பெருக்கினால் மீதி 35 கிடைக்கிறது. 1489க்கு மீதி 199. திரையில் தெரியாத இலக்கங்களையும் கருவி உள்ளே வைத்திருப்பதால் மீதி பிசகுவதில்லை. முந்தைய வரிக்குத் திரும்பி வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றும் வசதியும் இருப்பதால், ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

விசைகள் சற்று இறுக்கம். சூரிய மின்தகடு வேலூர் வெயிலில் குறையின்றி வேலை செய்கிறது. காரணி விசையை மட்டும் நம்பி வாங்குவோருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மீதிகளைத் தாமே கண்டுபிடிக்க விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். மகள் இதுவரை நாற்பது எண்களைச் சோதித்திருக்கிறாள்; இரவில் அந்தக் கால்குலேட்டர் என் கைக்கு வருவதில்லை.