தாளவாடி மலையில் ஓடும் பழைய 207: ஸ்லோ நின்றதும் கியர் நழுவாமல் போனதும்

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறையில் சொல்லும் குறைகளில் இரண்டு பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஸ்லோ (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் குறைந்த வேகம்) சீராக நிற்கவில்லை என்பது ஒன்று, கியர் ஒழுங்காக விழவில்லை என்பது இன்னொன்று. இவற்றைத் தனித்தனி நோயாகப் பார்ப்பதுதான் வழக்கம். முதலாவதற்கு "டீசல் பம்பைக் கழற்றிக் கொடுங்கள்" என்பார்கள், இரண்டாவதற்கு "கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்" என்பார்கள். எங்கள் டாடா 207 டிஐக்கு இரண்டு குறைகளும் இருந்தன. பம்பைத் திறக்காமலும் கியர்பாக்ஸின் பல்சக்கரங்களைப் பிரிக்காமலும் இரண்டும் சரியாகின. அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. என்ன செய்தோம், எது நிலைத்தது, எது இன்னும் பாக்கி என்பதை அதே வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர், 2956 சிசி, ஐந்து கியர், பின்னால் பட்டை ஸ்பிரிங். எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தேக்கித் தரும் காமன் ரெயில் கிடையாது, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரும் கிடையாது. நாங்கள் இரண்டாவது கையாக வாங்கியபோதே நன்றாக உழைத்திருந்த வண்டி. தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஆசனூர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் இறங்கிப் பண்ணாரி, சத்தியமங்கலம் போய்த் திரும்புவது அதன் வேலை. கீழே விவரிக்கும் குறைகள் எல்லாம் வயதும் தூசியும் கவனிப்பின்மையும் கொண்டுவந்தவை. வண்டியின் அமைப்பைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஸ்லோ நிற்காத வண்டி எரிச்சல் தரும், அவ்வளவுதான். மலையில் அது ஆபத்து. இறங்கும்போது வளைவில் கிளட்சை மிதித்த கணத்தில் இன்ஜின் அணைந்தால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் வாக்குவம் பம்பும் அதோடு நின்றுவிடும். சேமிப்பில் இருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். கியர் நழுவுவது அதைவிட மோசம். சரக்கோடு மூன்றாவது கியரில் இன்ஜின் பிரேக்கை நம்பி இறங்கும்போது லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்தால், முழு எடையும் ஒரே நொடியில் பிரேக் லைனிங்கின் மேல் விழும். புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை இது. 2022இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. பழுதாகி நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடிய பாதை அன்று.

எங்களிடம் வந்தபோது வண்டியின் ஸ்லோ மிக வேகமாக வைக்கப்பட்டிருந்தது. அணைந்து போகாமல் இருக்க, பம்பில் உள்ள ஸ்லோ திருகை யாரோ ஏற்றி விட்டிருந்தார்கள். பட்டறைகளில் மிக அதிகமாக நடக்கும் "ரிப்பேர்" இதுதான் என்பேன், மிக அதிகமாகத் தீங்கு செய்வதும் இதுதான். இந்த வகை இன்ஜின்கள் பொதுவாக 700 முதல் 850 ஆர்பிஎம்முக்குள் நிதானமாக நிற்க வேண்டியவை. ஆயிரத்துக்கு மேல் ஏற்றினால் அணைவது குறையும், ஆனால் அணைந்ததற்கான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். அதோடு புதிதாக ஒரு தொல்லையும் சேரும். மிதித்தாலும் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் சிறிதளவு இழுத்துக்கொண்டிருக்கும் வண்டியில், இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அதன் சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் வேகமாகச் சுற்றும். கியர் விழுமுன் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ ரிவர்ஸுக்குக் கிடையாது என்பதால் பல்லோடு பல் மோதிக் கரகரவென்று கத்தும். முதல் கியரும் முரண்டு பிடிக்கும். ஸ்லோ குறையை மறைத்த திருகு கியர் குறையைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் என்னைவிட வயதில் இளையவர், பொறுமையானவர். "பம்பை இப்போது தொட வேண்டாம் அண்ணா, முதலில் காற்று எங்கே நுழைகிறது என்று பார்ப்போம்" என்றார். அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. டாங்க் நிறைந்திருந்தால் ஸ்லோ பரவாயில்லை, கால் டாங்குக்கு இறங்கினால் ஏறி இறங்கும். மேட்டில் மூக்கு உயர்ந்து நின்றால் அணைந்தே போகும். பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது என்பதற்கு இவை மூன்றும் தெளிவான அடையாளங்கள். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். நீர்மட்டம் இறங்க இறங்க வாயில் காற்று அதிகமாக வரும். இரவில் வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருந்த டீசல் டாங்குக்கே திரும்பிவிடும். காலையில் முதலில் வருவது காற்றுதான்.

இந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடும்போது அந்தப் பக்கம் உள்ளே இழுக்கும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது. அதனால் "எங்கும் லீக் இல்லை, ஆகவே பம்ப்தான்" என்ற தவறான முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். எங்கள் மெக்கானிக், பம்புக்கு வரும் குழாயில் ஒரு முழம் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தினார். ஸ்லோவில் ஓட விட்டதும் பொடிக் குமிழ்கள் வரிசையாகப் போவது தெரிந்தது. பிறகு பம்பிலிருந்து டாங்கை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக ஹோஸை மாற்றிக்கொண்டே போனார். எந்த இடத்தில் குமிழ் மறைகிறதோ, அதற்குப் பம்ப் பக்கமாக அடுத்துள்ள இணைப்பில்தான் ஓட்டை. எங்களுக்கு இரண்டு இடங்களில் இருந்தது. டாங்குக்கு அருகே கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. பில்டர் தலையில் இருந்த செப்பு வாஷர், பல முறை கழற்றி மாட்டியதில் தட்டையாகித் தன் பிடிப்பை இழந்திருந்தது.

ஹோஸ், கிளிப், வாஷர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டோம். பில்டர்களை மாற்றி, டாங்கைக் கழுவினோம். அடியில் துருவும் தண்ணீரும் இருந்தன. மூடியின் காற்றுத் துளையையும் சுத்தம் செய்தோம். அந்தத் துளை அடைந்திருந்தால், வண்டி சிறிது தூரம் ஓடியபின் டாங்கில் வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது குறையும். மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் அதுதான் அறிகுறி. பிறகு கைப்பம்பு அடித்துக் காற்றை முழுவதும் வெளியேற்றி, ஏற்றி வைத்திருந்த ஸ்லோ திருகை இறக்கினோம். இந்த ஒரு வேலையிலேயே குறையின் பெரும்பகுதி போய்விட்டது. மொத்தச் செலவு, பம்ப் சர்வீஸுக்குச் சொல்லப்பட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

மீதி இருந்தது ஓர் ஒழுங்கற்ற அதிர்வு. ஸ்லோவில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்திப் பார்த்தார். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அது சும்மா சுற்றுகிறது. எங்களுக்கு மூன்றாவது சிலிண்டர். நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்தபோது, மற்றவை பனி போலத் தூவ, அது சொட்டியது. நான்கையும் சரிபார்த்து ஒரே அழுத்தத்துக்கு அமைத்துக்கொண்டோம், வால்வுகளின் டேப்பெட் இடைவெளியையும் சரியாக வைத்தோம். ஒரு கடுமையான எச்சரிக்கை: நட்டைத் தளர்த்திப் பார்க்கும் இந்த முறை மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே. அதிலும் பீறிடும் டீசலுக்கு அருகே கையை வைக்கக் கூடாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காமன் ரெயில் வண்டியில் இதை முயலவே கூடாது. அங்கே அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவில் இருக்கும்.

இரண்டு குறைகளும் ஒன்றையொன்று தொடும் இன்னோர் இடம், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சட்டத்தில் தாங்கும் மவுண்டிங் ரப்பர். ஸ்லோ சரியான பின்னும் கேபின் நடுங்கியது. அடியில் பார்த்தால் கியர்பாக்ஸ் மவுண்டிங் கிழிந்து, இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்திருந்தது. இந்த வண்டியில் லிவர் நேராகக் கியர்பாக்ஸிலிருந்து மேலே வருகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினும் பாக்ஸும் சேர்ந்து அசையும். தரையில் இருக்கும் லிவர் ரப்பர் உறையும் காய்ந்து விறைத்திருந்ததால், அந்த அசைவில் லிவர் நியூட்ரல் பக்கம் இழுக்கப்பட்டது. மவுண்டிங்குகளையும் உறையையும் மாற்றிய பின் மூன்றாவது கியர் நழுவுவது வெகுவாகக் குறைந்தது. பாக்ஸின் மேல்மூடியை மட்டும் திறந்து, லிவர் அடியில் தேய்ந்திருந்த புஷ்ஷையும் கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்குகளையும் மாற்றியதும் முழுவதும் நின்றது. மவுண்டிங்கைப் பார்க்காமல் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கியர் விழாததற்குப் பாக்ஸ் காரணமா, கிளட்ச் காரணமா என்பதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். எளிதாக விழுந்தால் லிவரிலும் பாக்ஸிலும் பெரிய குறை இல்லை. பிறகு ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுவதும் மிதித்து, மூன்று நான்கு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் பிரியவில்லை. எங்கள் வண்டியில் அணைத்திருக்கும்போது வெண்ணெய், ஓடும்போது கரகரப்பு.

கிளட்ச் எண்ணெய் கறுத்திருந்தது. அது பிரேக் எண்ணெய்தான், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பல ஆண்டு மாற்றாமல் விட்டால் சிலிண்டரின் உள்சுவர் அரித்துப் போகும். பெடலிடம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெயை வாங்கி, கீழே கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கியதும் உள்ளே ஈரம். ஒருவர் பெடலை மிதிக்க, கீழே அதன் ராடு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தோம். தேவையான அளவு நகரவில்லை. வெறும் ரப்பர் கிட் போடலாம் என்று கடைக்காரர் சொன்னார். உள்சுவரில் குழிகள் இருந்தால் புது ரப்பரும் சில மாதங்களில் கிழிந்துவிடும். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் முழுதாக மாற்றினோம். இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

அதன்பின் வண்டி குளிர்ந்திருக்கும்போது ரிவர்ஸ் அழகாக விழுந்தது. மலையேறிச் சூடான பின் மீண்டும் சற்றுக் கத்தியது. பாக்ஸை இறக்கிப் பார்த்ததில், இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் காய்ந்து இறுகியிருந்தது. கிளட்ச் பிரிந்தாலும் இன்புட் ஷாஃப்டை அது இழுத்துக்கொண்டே போகும். சிறிய உதிரிபாகம். பட்டியலில் எழுத மறப்பவர்கள் அதிகம். கிளட்ச் வேலைக்குப் பாக்ஸை இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றோடு இதையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பாருங்கள். கசிந்தால் புது பிளேட் எண்ணெயில் நனைந்து வீணாகும். ஃப்ளைவீல் முகத்தில் வெப்பக் கீறல்கள் இருந்ததால் லேத்தில் சமன் செய்துகொண்டோம். இந்த மொத்த வேலையில் அதிகப் பணம் போனது இங்கேதான். போனதற்குக் கணக்கும் இருக்கிறது.

கடைசியாகக் கியர் எண்ணெய். பழையதை இறக்கியபோது பின் ஆக்ஸிலுக்கு ஊற்றும் கெட்டியான கிரவுன் எண்ணெய்தான் பாக்ஸிலும் இருந்தது. சின்க்ரோ வளையங்கள் பித்தளையால் ஆனவை. வேகத்தைச் சமன்படுத்த அவற்றுக்கு ஓரளவு உராய்வு வேண்டும். ஜிஎல்-5 என்ற கியர் எண்ணெய்த் தரத்தில் ஆக்ஸிலுக்காகச் சேர்க்கும் கந்தகக் கூட்டுப் பொருள்கள் அந்த உராய்வைக் குறைக்கக்கூடும், சில வகைகள் பித்தளையையும் நாளடைவில் அரிக்கும். ஜிஎல்-4 என்று கேட்டு, கையேட்டில் உள்ள கெட்டித்தன்மையில் ஊற்றினோம். மார்கழிக் காலையில் தாளவாடிக் குளிரில் இரண்டாவது கியருக்குப் போகும் கை வலி பாதியாகக் குறைந்தது. இறக்கிய எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்க்கத் தவறாதீர்கள். பித்தளைத் துகள் காந்த நட்டில் ஒட்டாது. வெயிலில்தான் பொன்னிறமாக மினுங்கும். எங்களுடையது மினுங்கியது.

அதனால் பாக்கி ஒன்று உண்டு. குளிர்ந்த நிலையில் அவசரமாக இரண்டாவது கியருக்கு இறக்கினால் ஒரு சிறு கரகரப்பு கேட்கிறது. இரண்டாவது சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறது, சூடான பின் அதுவும் தேவையில்லை. மற்றபடி ஸ்லோ ஒரே சீராக நிற்கிறது, திருகை மறுபடி யாரும் தொடவில்லை. டீசல் பில்டரை மட்டும் முன்பைவிடச் சீக்கிரமாக மாற்றுகிறோம், மாற்றும் ஒவ்வொரு முறையும் செப்பு வாஷர் புதிது. இந்த வயது வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். போன முறை புகைச் சோதனையில் எந்தச் சிக்கலும் வரவில்லை, சொட்டிய நாசில் போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சின்க்ரோ வளையத்தை வாங்கி வைத்துவிட்டேன். அடுத்து கிளட்சுக்காக எப்போது பாக்ஸ் கீழே இறங்குகிறதோ அப்போது மாற்றிக்கொள்வோம்.