சமரச மையம்: நாற்காலி மோசம், வேலை நன்று

கார் நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுப் பையன் அப்பாவைத் தள்ளிவிட்டான். வழக்கானது. சென்னையில் ஒரு நீதிமன்ற சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். (உயர் நீதிமன்றத்தில் இந்த ஏற்பாடு 2005-லேயே வந்துவிட்டது.) கட்டணம் கிடையாது. சமரசர் முதலில் தனித்தனியாகப் பேசினார். அங்கே சொல்வதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது என்றதும் அப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்புறம் நேருக்கு நேர்.

"கண்ணாடி உடைஞ்சது போகட்டும் தம்பி, என் பேத்தி முன்னாடி ஏம்பா தள்ளினே?"

அவன் தலை நிமிரவில்லை. "தப்புதான் தாத்தா." கண்ணாடிக்குக் காசும் கொடுத்தான்.

காத்திருப்புதான் கொடுமை, குடிக்கத் தண்ணீர்கூட இல்லை. எல்லா வழக்குக்கும் இது சரிப்படாது. வீட்டுக்குள் அடி வாங்குகிறவரை அடித்தவர் எதிரில் உட்காரவைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அக்கம்பக்கச் சண்டைக்குத் தாராளமாகப் போகலாம். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.